நாற்பத்திரண்டு முதல் நாற்பத்தைந்து வரை

ஜூன் 9

தம்பிக்கு,

நேற்று ஆறு தடவை போன் செய்திருந்தாய். வேலையாக இருந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே, வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் நீ வாயைத் திறந்தால் நான் சிரித்துவிடுவேன், சிரித்தபிறகு எனக்குக் கோபப்பட வராது. சின்ன வயதிலிருந்து இப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறாய். அதனால் எழுது. கேட்டதற்கு மட்டும் பதில் எழுது.

வாடகை உயர்வு அறிவிப்பு திங்கட்கிழமை வந்தது, உன் கம்பெனி முத்திரையோடு. மாதம் ஐயாயிரம் இருந்தது இனி ஏழாயிரத்து இருநூறு. அதை விடுதி வாசலில் ஒட்ட வேண்டியவள் வார்டன், அதாவது நான். பசை காய்வதற்குள் எண்பது பெண்கள் கூடிவிட்டார்கள். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை, எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் இதே பெண்கள் முன்னால் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிமேல் ஏறி நின்று பேசியவள் நான். பல்கலைக்கழகத்திடம் நிலம் இருக்கிறது, பணம் இல்லை. கம்பெனி வங்கியில் கடன் வாங்கிப் புது விடுதி கட்டும், முப்பது வருடம் வாடகை வாங்கிக் கடனை அடைக்கும், அப்புறம் கட்டடம் நமக்கு. நீ எனக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். "வாடகை ஏழு வருஷத்துக்கு ஏறாது. அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பழைய விடுதியைக் காலி செய்தார்கள். கட்டடம் முடியும்வரை, இரண்டு வருடம், ஒழுகுகிற பழைய ஆய்வுக்கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்தார்கள்.

அவர்களில் ஒருத்தி புள்ளியியல் படிக்கிறாள். நான் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவேன். நான்கு வருடப் படிப்பு, அன்றைக்கு முதலாண்டு, இன்றைக்குக் கடைசி ஆண்டு. விடுதி ஒப்பந்தத்தை முடிவு செய்யும் குழுவுக்காக நீ எனக்கு அனுப்பிய வாடகைக் கணக்குத் தாளை நான் பெருமையாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தேன் அல்லவா, அதை அவள் படமெடுத்து வைத்திருக்கிறாள். நேற்று என் அறைக்கு வந்து காட்டினாள்.

"மேடம், ஓரத்துல இருக்கிற நம்பரைப் பாருங்க. நாப்பத்தொண்ணுக்கு அப்புறம் நாப்பத்தாறு வருது. நடுவுல நாலு வரி எங்க போச்சு?"

வாங்கிப் பார்த்தேன். நாற்பத்தொன்றாம் வரி, வட்டி ஆறு சதவீதம் என்றால் வாடகை ஐயாயிரம். நாற்பத்தாறாம் வரி, ஏழு வருட வாடகை மாற்றமில்லை. நடுவில் என்ன இருந்தது? இது ஒன்றுதான் என் கேள்வி.

அக்கா


ஜூன் 15

அக்கா மகாராணிக்கு,

கடிதம் எழுதி எத்தனை வருடம் ஆயிற்று தெரியுமா? தபால் உறை வாங்கக் கடைக்குப் போனால் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்க்கிறார். காதல் கடிதம் என்று நினைத்திருப்பார். அக்காவுக்கு என்று சொன்னால் நம்பவா போகிறார்.

முதலில் ஒன்று. வட்டியை நானா ஏற்றினேன்? மத்திய வங்கியில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தால் ஏற்றுவதற்குமுன் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேனா? ஒரே வருடத்தில் ஆறு சதவீதம் ஒன்பது ஆகிவிட்டது. விடுதி கட்ட வாங்கிய கடன் மாறும் வட்டிக் கடன். ஊரில் வட்டி ஏறினால் அதுவும் கூடவே ஏறும். பெண்கள் கொடுக்கிற வாடகையில் முக்கால்வாசிக்கு மேல் வங்கித் தவணைக்குத்தான் போகிறது. தவணை ஏறினால் வாடகை ஏறாமல் என்ன செய்யும்? கம்பெனி என்ன அட்சய பாத்திரமா?

இதெல்லாம் ஒப்பந்தத்தின் எட்டாம் இணைப்பில் இருக்கிறது. வட்டி இத்தனைக்கு மேல் போனால் வாடகையை மாற்றலாம், இல்லையென்றால் பல்கலைக்கழகம் வித்தியாசத்தைக் கட்டலாம். உங்கள் பதிவாளர் கட்ட மாட்டேன் என்கிறார். அவரைக் கேள், என்னை ஏன் கேட்கிறாய்?

அந்த நான்கு வரிகள் ஒன்றுமில்லை. நாங்கள் கூட்டிக் கழித்துப் பார்த்த கிறுக்கல். உனக்கு அனுப்பும்போது குழப்பும் என்று எடுத்துவிட்டேன்.

இன்னொன்று. முதல், இரண்டாம் ஆண்டு வெளியூர்ப் பெண்கள் விடுதியில்தான் தங்கவேண்டும் என்று ஓர் உத்தரவு உன் மேஜைக்கு வரும். அதில் கையெழுத்துப் போட்டுவிடு. போடாமல் இருந்தால் உனக்குத்தான் கெட்ட பெயர். உன் நல்லதுக்குச் சொல்கிறேன்.

உன் அன்புத் தம்பி


ஜூன் 22

தம்பிக்கு,

உன் நகைச்சுவையெல்லாம் படித்தேன். சிரிக்கவில்லை. எழுதச் சொன்னது நல்லதாகப் போயிற்று.

உத்தரவு வந்தது. நூறு படுக்கையில் தொண்ணூறு நிரம்பாவிட்டால் காலிப் படுக்கைக்குப் பல்கலைக்கழகம் வாடகை கட்டவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாமே. வாடகை ஏறியதும் பெண்கள் காலி செய்கிறார்கள், காலி செய்தால் பல்கலைக்கழகத்துக்கு நஷ்டம், அதனால் போக முடியாதவர்களைப் பிடித்துக் கட்டிவைக்க வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவள் நான். நான் போடவில்லை. அந்தத் தாள் என் மேஜையில் காகித எடைக்கு அடியில் கிடக்கிறது. பதிவாளர் தினம் இரண்டு தடவை ஆள் அனுப்புகிறார்.

வாயாடி போய்விட்டாள். கடைசி வருடம் என்பதால் அவளைக் கட்டாயப்படுத்த முடியாது. மோட்டார் உதிரிபாகக் கடைக்கு மேலே ஓர் அறை, மூன்று பேர். பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். மூன்றாவது கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். கீழே நாள் முழுக்க இரும்பு தட்டுகிற சத்தம். "பரவாயில்ல மேடம், பழகிடும்" என்றாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். குழுவில் நாங்கள் மூன்று பேர். பதிவாளர் சரி என்றார். கட்டடப் பொறியாளர் வேண்டாம் என்றார், "ஏழு வருஷம் ஏறாத வாடகை எந்த ஊர்ல இருக்கு?" என்றுகூடக் கேட்டார். மீதி இருந்தது நான். என் தம்பி வேலை பார்க்கிற கம்பெனி என்று முதல் கூட்டத்திலேயே எழுதிக் கொடுத்தேன். பதிவாளர் சிரித்தார். "நல்லதாப் போச்சு, சொந்த அக்காவையா ஏமாத்தப் போறாங்க?" என்றார். எட்டாம் இணைப்பு எனக்குப் புரியவில்லை. உன்னைத்தான் கூப்பிட்டேன். "அது சம்பிரதாயத்துக்குப் போட்டது அக்கா, தைரியமா கையெழுத்துப் போடு" என்றாய். போட்டேன். முப்பது வருடக் கடனுக்கு ஒரு நிமிடப் போன்.

கிறுக்கல் என்று மென்று முழுங்காதே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை வேறு யாரிடமாவது வைத்துக்கொள். நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று, நாற்பத்துநான்கு, நாற்பத்தைந்து. நான்கிலும் என்ன எழுதியிருந்தது, ஏன் எடுத்தாய், யார் எடுக்கச் சொன்னார்கள் என்று வரிசையாக எழுது. அதை எழுதாமல் எனக்கு வேறு எதுவும் எழுதாதே.

அக்கா


ஜூலை 6

அக்கா,

இது நான்காவது தாள். முதல் மூன்றையும் கிழித்துப்போட்டேன்.

நாற்பத்திரண்டு: வட்டி ஒரு சதவீதம் ஏறினால் வாடகை ஐயாயிரத்து எழுநூறு. நாற்பத்துமூன்று: இரண்டு ஏறினால் ஆறாயிரத்து நானூறு. நாற்பத்துநான்கு: மூன்று ஏறினால் ஏழாயிரத்து இருநூறு. நாற்பத்தைந்து: நான்கு ஏறினால் எட்டாயிரம். இப்போது நீ ஒட்டிய அறிவிப்பில் இருப்பது நாற்பத்துநான்காம் வரி. மூன்று வருடத்துக்கு முன்பே நான் போட்டு வைத்த எண்.

இன்னொரு தாளும் இருந்தது. அதை நீ பார்த்ததே இல்லை. கடனை மாறாத வட்டிக்கு வாங்கியிருந்தால் முதல் நாளிலிருந்தே வாடகை ஐயாயிரத்துத் தொள்ளாயிரம், ஊரில் வட்டி எங்கே போனாலும் ஏறாது. ஆனால் போட்டிக் கம்பெனி ஐயாயிரத்து முந்நூறு காட்டியிருந்தது. ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் என்று போனால் வேலை எங்களுக்கு வராது. மாறும் வட்டிக்குப் போனால் ஐயாயிரம் என்று காட்டலாம். காட்டினோம்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அந்த நாலு வரியையும் மறைச்சிடுங்க. பாத்தா குழு பயந்துடும்" என்றார். நான் தயங்கினேன். நம்புவாயோ மாட்டாயோ, தயங்கினேன். அதற்கு அவர், "வார்டன் உங்க அக்காதானே? நீங்க சொன்னா கேப்பாங்க. இந்த வேலையில உங்களைப் போட்டதே அதுக்காகத்தான்" என்றார். அதுவரைக்கும் என் திறமையைப் பார்த்துப் போட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறைத்தேன். தாளில் ஓரத்து எண் அச்சாகும் என்பதை மறந்துவிட்டேன். அது உனக்காகப் போடுகிற எண். "இருபதாவது வரியில என்ன?" என்று நீ போனில் கேட்க வசதியாக, உனக்கு அனுப்பும் தாளில் மட்டும் போடுவேன். கம்பெனியில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. அதனால் மேனேஜர் கண்ணிலும் படவில்லை.

நீ கையெழுத்துப் போட்ட செய்தி வந்ததும் அலுவலகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்து கேக் சாப்பிட்டேன். இது என் வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. உன்னிடம்தான் சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும்.

ஆனால் ஒன்று சத்தியம். வட்டி ஏறும் என்று நான் நினைக்கவில்லை. பத்து வருடமாக அசையாமல் கிடந்தது. நாற்பத்திரண்டாம் வரிகூட வராது, அக்கா பேச்சு தப்பாது என்றுதான் மனப்பூர்வமாக நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் மறைத்தேன்.

மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன்.

தம்பி


ஜூலை 14

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை எனக்கும் கண் கலங்கிவிட்டது. பயந்தாங்கொள்ளி, பெரிய மனிதர்கள் மிரட்டியதில் தப்பு செய்துவிட்டான், கெட்டவன் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதைப் புடவை அடுக்கில் வைத்துப் பூட்டினேன். யாரிடமும் காட்டுவதில்லை என்று முடிவும் செய்தேன். அது வியாழக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரி வந்தாள். நமக்குள் இத்தனை நடப்பது அவளுக்குத் தெரியாது போல. பேச்சு ஊர் நிலவரத்துக்குப் போயிற்று, விலைவாசிக்குப் போயிற்று, வட்டிக்கு வந்தது.

"எங்க ப்ளாட்ல எல்லார் வீட்லயும் தவணை ஏறிடுச்சு அண்ணி. ஒருத்தர் வீட்டை விக்கிற நிலைமைக்கு வந்துட்டார். எங்களுக்கு மட்டும் ஒரு காசு ஏறல. இவர் முன்னாடியே மாறாத வட்டிக்கு மாத்திட்டார். கொஞ்சம் கூடக் கட்டினாலும் நிம்மதியா தூங்கலாம்னார்."

எப்போது மாற்றினான் என்று கேட்டேன். பேச்சுக்குப் பேச்சாகத்தான் கேட்டேன், வேறு எண்ணமில்லை.

"நீங்க புது ஹாஸ்டலுக்குக் கையெழுத்துப் போட்டீங்களே, அந்த வாரம்தான். வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு வங்கிக்குப் போனோம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவளுக்குக் காபி ஆற்றிக் கொடுத்தேன். பாதி தட்டில் கொட்டியது. வயசாகிவிட்டது என்றேன்.

வட்டி ஏறும் என்று நினைக்கவே இல்லையா நீ? உன் வீட்டுக்கு ஏறும் என்று நினைத்தாய். நூறு பெண்களுக்கு ஏறாது என்று நினைத்தாய். ஊருக்குத்தான் உபதேசம், இல்லையா? புதன்கிழமை எனக்குப் போனில் "தைரியமா கையெழுத்துப் போடு" என்கிறாய். வெள்ளிக்கிழமை நீ போய் உன் கடனைப் பூட்டி வைத்துக்கொள்கிறாய். அந்த இரண்டு நாளில் ஒரு நிமிடம் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, எனக்கே பயமா இருக்கு" என்று சொல்லியிருந்தால் போதும். நான் கையெழுத்தை வாபஸ் வாங்கியிருப்பேன். கோப்பு திங்கட்கிழமைவரை என் மேஜையில்தான் இருந்தது.

மேனேஜருக்குப் பயந்ததை மன்னித்துவிட்டேன். நான்கு வரிகளை மறைத்ததைக்கூட மன்னித்திருப்பேன். மனப்பூர்வமாக நம்பினேன் என்று போன வாரம் எழுதினாயே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. கூட இருந்தே குழி பறித்ததும் போதாமல், குழியே இல்லை என்று சத்தியம் வேறு செய்கிறாய்.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்கா என்று எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், வேறென்ன எழுதுவது.

மாணவிகளின் புகாரை விசாரிக்கிற குழுவின் முன் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு நீண்ட மேஜை. அந்தப் பக்கம் ஓய்வு பெற்ற நீதிபதி, பக்கத்தில் மாணவிகளின் வக்கீல். இந்தப் பக்கம் எங்கள் மேனேஜர், நான். வக்கீல் ஒரு காகிதத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். "இது நான்காவது தாள். முதல் மூன்றையும் கிழித்துப்போட்டேன்." முதல் வரியிலேயே அது உனக்கு எழுதிய கடிதம் என்று தெரிந்துவிட்டது.

எண்களை மட்டும் படித்திருக்கலாம். மேனேஜர் சொன்னதை மட்டும் படித்திருக்கலாம். முழுக்கப் படித்தார். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுததைப் படித்தார். கேக் சாப்பிட்டதைப் படித்தபோது பின்னால் யாரோ சிரித்தார்கள். உன்னோடு இருக்கட்டும் என்று எழுதியிருந்தேனே, அந்த வரியையும் சேர்த்தே படித்தார். அந்த வரிக்கு நீதிபதி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு இருந்த கூச்சம் உனக்கு இல்லாமல் போயிற்று.

எனக்கு வேலை போய்விட்டது. மேனேஜருக்குப் போகவில்லை. அவர் வாயால் சொன்னார், நான்தான் எழுதிக் கொடுத்தவன். வீட்டில் இவள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நான் அழுததை ஊர்க்காரர்கள் சொல்லித் தெரிந்துகொண்டாள்.

நான் செய்தது துரோகம்தான். இல்லை என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போனதும் உண்மை. போன் கையில்தான் இருந்தது, கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நீ நிறுத்திவிடுவாய் என்று தெரியும்.

நீயும் எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல். போனை எடுக்காமல் "எழுது, எழுது" என்றாயே. அது என் பேச்சில் மயங்காமல் இருக்கவா, இல்லை ஆரம்பத்திலிருந்தே இதற்குத்தானா?

உன் தம்பியாக இருந்தவன்


ஆகஸ்ட் 11

தம்பிக்கு,

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

முதல் கடிதம் எழுதியபோது அந்த எண்ணம் இல்லை. இரண்டாவது எழுதியபோது இருந்தது. ஜூன் இருபதாம் தேதி வக்கீல் அம்மா விடுதிக்கு வந்தார். வாயாடி காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, "நம்பர் ஜம்ப் ஆறது மட்டும் போதாது. மறைச்சவர் கையால ஒரு வரி கிடைச்சா கேஸ் நிக்கும்" என்றார். இரண்டு நாள் கழித்து நான் உனக்கு எழுதினேன். என்ன இருந்தது, ஏன் எடுத்தாய், யார் சொன்னார்கள் என்று வரிசையாகக் கேட்டேனே, அந்த வரிசை அவர் சொல்லிக் கொடுத்தது. உன் வீட்டுக்காரி வந்துபோனதால்தான் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. ஆனால் கேட்கும்போதே கேட்டது அதற்காகத்தான். இடையில் மூன்று நாள் பூட்டி வைத்ததும் நிஜம். இரண்டும் நிஜம்.

எண்களை மட்டும் கொடுத்திருக்கலாம்தான். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். பாதியை வெட்டிவிட்டால் நானும் வரிகளை மறைத்தவள் ஆகிவிடுவேன் என்று கீழே வைத்துவிட்டேன். அது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். அன்றிலிருந்து எனக்கு அந்தச் சிரிப்புத்தான் காதில் விழுகிறது.

தீர்ப்பு வந்துவிட்டது. மாறாத வட்டிக்கு வாங்கியிருந்தால் எவ்வளவோ அவ்வளவுதான் வாடகை, ஐயாயிரத்துத் தொள்ளாயிரம். மிச்சத்தைக் கம்பெனியும் பல்கலைக்கழகமும் பாதிப்பாதி ஏற்கவேண்டும். கட்டாய உத்தரவு ரத்து. புரியாத இணைப்பில் கையெழுத்துப் போட்டவளும் பொறுப்பிலிருந்து விலகவேண்டும் என்று ஒரு பத்தி இருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து எனக்குத் தேர்வுப் பிரிவில் வேலை. அதில் எனக்கு வருத்தமில்லை, நியாயம்தான்.

நேற்று வாயாடியைப் பார்க்கப் போனேன். கடையில் இரும்பு தட்டிக்கொண்டிருந்தார்கள், மாடிப்படியில் நின்று கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. வாடகை குறைந்துவிட்டது, இனி ஏறாது, உன் பழைய அறை காலியாகத்தான் இருக்கிறது, வந்துவிடு என்றேன். அவள் மரியாதையாகத்தான் பதில் சொன்னாள்.

"வேணாம் மேடம். இந்த ரூம் சின்னதுதான், சத்தம்தான். ஆனா கீழ்க் கடைக்காரர் ஒரு வாடகை சொன்னார்னா அதைத்தான் வாங்கறார்."

நான் தலையாட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். இருபத்தாறு வருடம் வார்டனாக இருந்தேன் தம்பி. என் பேச்சுக்கு உதிரிபாகக் கடைக்காரர் பேச்சின் மதிப்புகூட இல்லை. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, இதை யாரிடம் சொல்லி அழுவது என்று யோசித்தேன். உன்னைத் தவிர ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

அக்கா